ஒரு கை, இரண்டு கை

அண்ணா,

சனிக்கிழமையிலிருந்து என் வலது கையில் மண்ணெண்ணெய் வாசனை. பக்கத்து வீட்டுக்காரர் அடுக்குமாடி நடைபாதையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன மகள் ஓடி வந்து டப்பாவைத் தட்டிவிட்டாள். அது நம் வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைவதற்குள் பழைய துணியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுத் துடைத்தேன். சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், அரிசி களைந்த தண்ணீரில் ஊற வைத்தேன். போகவில்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இந்த மூன்று நாளில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உனக்கு அது தெரியுமா தெரியாதா என்பதே எனக்குத் தெரியவில்லை.

உன் டிராக்டர் லாரியில் பினாங்குப் பாலம் கடந்து வந்த நாள் நினைவிருக்கிறதா? பட்டர்வொர்த் பக்கம் மூடிப்போன ஒரு நெல் ஆலையில் கொட்டகைக்குள் கிடந்தது. ஒரு காலத்தில் அதன் பக்கவாட்டுச் சக்கரத்தில் பெல்ட்டை மாட்டித்தான் ஆலையையே ஓட்டினார்களாம். மண்ணெண்ணெயில் ஓடும் வண்டி. டயர் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் முழு இரும்பு, சுற்றிலும் பல் பல்லாக. சுங்கை பினாங் ஆற்றோரம் பழைய இரும்புக் கடைக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் அதை இறக்கினார்கள். நம் அடுக்குமாடியின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது:

"இத வச்சி எதடா உழப்போற? மொட்ட மாடியையா?"

"உழறதுக்கு இல்லமா. ஒரு கேள்வி கேக்கப்போறேன் அதுகிட்ட."

"கேளு கேளு. எப்ப கல்யாணம்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லு."

நீ சிரித்துக்கொண்டே வண்டியின் பெயர்த் தகட்டைத் துடைத்தாய். கம்பெனியின் பெயர் தேய்ந்து போயிருந்தது. '10-20' என்ற இரண்டு எண்கள் மட்டும் மிச்சம். முதல் எண் வயலில் இழுக்கும் குதிரைச் சக்தி, இரண்டாவது எண் பெல்ட்டைச் சுற்றும் குதிரைச் சக்தி என்றாய். அதுதான் உன் கேள்வி. இது உண்மையா?

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் உன் வேலையே அதுதானே. மற்றவர்கள் பொருளை அளப்பார்கள், நீ அவர்கள் அளக்கும் கருவியை அளப்பாய். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. அம்மா வாங்கி வந்த அரிசிப் பையைக்கூட எடை போட்டுப் பார்ப்பாய். "எண்ணு பொய் சொல்லாது ஊசி, எழுதுறவன் சொல்லுவான்" என்பாய். ஊசி என்றால் நான். தராசு முள்ளைப் பார்க்க உட்கார வைத்த முதல் நாளே அந்தப் பெயரை வைத்துவிட்டாய். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பெயர் ஊமை.

சாப்பிடும்போது நீ சொன்ன கதைகளில் எனக்கு மறக்காதது அமெரிக்காவில் ஏமாந்த அந்த விவசாயியின் கதை. டிராக்டர் புதிதாக வந்த காலத்தில் செய்பவர்களெல்லாம் தங்களுக்குத் தோன்றிய எண்ணைத் தகட்டில் அடித்து விற்றார்கள். குதிரைகளை விற்றுவிட்டு வண்டி வாங்கியவன் பாதி வயலில் அது நின்றபோது அழுதான். அப்படி நொந்துபோன ஒருவர் தன் மாநிலத்தின் சட்டசபைக்கே போய், சோதித்துப் பார்க்காமல் எந்த டிராக்டரையும் இங்கே விற்கக்கூடாது என்று சட்டம் கொண்டு வந்துவிட்டார். சொன்ன எண்ணை வண்டி எல்லார் முன்னாலும் இழுத்துக் காட்ட வேண்டும். "நல்லா இருக்குல்ல? வாயால சொன்னா பத்தாது, இழுத்துக் காட்டு" என்று நீ மேசையைத் தட்டினாய். வாயால் சொல்ல முடியாத எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்குத் தெரிந்துதான் இருந்தது.

படிவம் மூன்றில், பதினைந்து வயதில், நான் படிப்பை நிறுத்தியபோது வீட்டில் திட்டாதவன் நீ மட்டும்தான். மார்க் குறைவு இல்லை, யாரும் அடிக்கவும் இல்லை. எழுந்து நின்று வாசி என்றால் குரல் வராது, அவ்வளவுதான். வகுப்பே திரும்பிப் பார்க்கும். நான் கையால் முகத்தை மூடிக்கொள்வேன். அந்தப் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

பெல்ட் சக்கரத்துக்கான சோதனையை முதலில் செய்தோம். சக்கரத்தின் இரண்டு பக்கமும் மரக்கட்டையை வைத்து இறுக்கி, அதிலிருந்து நீண்ட ஒரு சட்டத்தின் நுனியை அம்மா ஏறி நின்று எடை பார்க்கும் தராசின் மேல் அழுத்த வைத்தாய். வண்டி சக்கரத்தைச் சுற்றப் பார்க்கும், கட்டை விடாது. எவ்வளவு முட்டுகிறதோ அவ்வளவு தராசில் தெரியும். கட்டை புகைந்தது. நான் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். உன் நண்பர் ரஹீம் அண்ணன், சூலியா தெருவில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர், கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் தகட்டிலிருந்த இரண்டாவது எண்ணுக்குக் கொஞ்சம்தான் குறைவு. "கிழவன் உண்மையத்தான் சொல்றான் லா!" என்று நீ வண்டியின் முதுகில் தட்டினாய். அம்மா தன் தராசு கரி பிடித்து வந்ததைப் பார்த்து, "இனிமே நான் ஏறி நின்னா எத்தன குதிரைன்னு காட்டும்?" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை ரஹீம் அண்ணனும் நம்மோடு உட்கார்ந்து அம்மாவின் சாம்பாரைச் சாப்பிட்டார். எப்போதும் சாப்பிடுவதுபோல, மூன்று முறை வாங்கி.

மிச்சமிருந்தது முதல் எண். இழுவை.

சக்கரமில்லாத பழைய லாரிப் பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றி, அதை வண்டி இழுக்க வேண்டும். நடுவே சங்கிலியில் இரும்புக் கடையின் தொங்கு தராசு. வட்ட முகமும் சிவப்பு முள்ளும் கொண்டது. ஓட்டுபவனுக்கு முள் தெரியாது. தெரியவும் கூடாது என்றாய், தெரிந்தால் ஆசை வந்துவிடுமாம். ஓட்டுகிறவன் ஒருவன், படிக்கிறவன் வேறொருவன். இயந்திரச் சத்தத்தில் நான் கத்தினால் உனக்குக் கேட்காது. சத்தமே இல்லாவிட்டாலும் நான் கத்தப்போவதில்லை. அதனால் நாம் ஒரு பாஷை வைத்துக்கொண்டோம். நான் எண்களைக் குறிக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில் அது இப்போதும் இருக்கிறது.

ஒரு கை: முள் ஏறுது, எண்ணெய் கொடு.
இரண்டு கை: நிறுத்து.

இரண்டு கை எதற்கு என்றும் சொல்லியிருந்தாய். அந்தக் காலத்து வண்டிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பின் சக்கரம் மண்ணில் புதைந்து உருள முடியாமல் போனால், சக்கரத்துக்குப் பதில் வண்டியே அதைச் சுற்றி எழும்பும். முன் சக்கரம் தரையை விடும். அப்போதும் எண்ணெய் கொடுத்து வேகம் கூட்டினால் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும். கிளட்சுக்குக் கால் போகும் நேரம்கூட இருக்காது. "அதனாலதான் சங்கிலிய கீழ மாட்டியிருக்கேன். அதுக்கும் மேல நீ இருக்க. முன் சக்கரத்தப் பாரு, முள்ளப் பாரு. நான் உன்ன மட்டுந்தான் பாப்பேன்."

நான் உன்ன மட்டுந்தான் பாப்பேன். நீ அப்படித்தான் சொன்னாய், அண்ணா.

அன்றைக்கு முதல் நாள் மழை பெய்திருந்தது. மண் ஈரமாகத்தான் இருந்தது. இரண்டு மூட்டை கூட்டி ஒரு தடவை, இன்னும் இரண்டு கூட்டி ஒரு தடவை. இரண்டிலும் நான் சரியாகச் செய்தேன். முள் ஏறியபோது ஒரு கை, நின்றபோது இரண்டு கை. மூன்றாவது தடவை இடது பின் சக்கரம் குழி பறிக்கத் தொடங்கியது. முன் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் அளவு வெளிச்சம் தெரிந்தது. பார்த்தேன். நான் பார்த்தேன் அண்ணா. நோட்டைக் கீழே போட்டு இரண்டு கையையும் தூக்க வேண்டும் என்று நினைத்த அதே நொடியில் ரஹீம் அண்ணன் பக்கத்திலிருந்து போனை நீட்டினார்.

"தங்கச்சி! இங்க பாரு லா, ஒரே ஒரு சிரிப்பு!"

நான் வலது கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டேன்.

ஒரு கை.

இயந்திரச் சத்தம் உயர்ந்தது. கையை எடுத்துப் பார்த்தபோது முன் சக்கரங்கள் என் தலைக்கு மேல் இருந்தன.

உன்னை எடுக்க இரும்புக் கடையின் கிரேன் வர வேண்டியிருந்தது. அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியவில்லை.

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. பழைய வண்டி, ஈர மண், பாதுகாப்பு இல்லை. என்னிடமும் கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்தப் பிள்ளை பேசாது என்று யாரோ சொல்ல, விட்டுவிட்டார்கள். கைகளின் பாஷை உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. ரஹீம் அண்ணனுக்குக்கூட நாம் சொல்லவில்லை. நீ போன பிறகு உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மாவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று மாடிப்படியின் கீழே ரஹீம் அண்ணன் சட்டையெல்லாம் மண்ணோடு நின்றிருந்தார். அம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"எம்புள்ள சாகுறப்ப போனத் தூக்கிக்கிட்டு நின்னியே. படம் நல்லா வந்திச்சாடா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை வருவார். கதவருகே பழப் பையை வைத்துவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கிப் போவார். அம்மா அதை அப்படியே குப்பையில் போடுவாள். போடும்போது சொல்லும் வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அதெல்லாம் நின்றுவிடும். பதினொரு மாதம் அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. லிட்டில் இந்தியாவில் மசாலாக் கடையின் பின்னறையில் பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பேச வேண்டியதில்லை. பேசத் தேவையில்லாத இடம் கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை கையில் அந்த வாசனையோடு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ரஹீம் அண்ணன் இல்லமா."

"எது அவன் இல்ல?"

"என் கை."

"கைக்கு என்ன? இன்னும் வாடை போகலயா?"

முழுவதையும் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நடுவில் நோட்டைக் கொண்டு வந்து முதல் பக்கத்தைக் காட்டினேன். அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. கட்டு முழுவதும் தீரும்வரை நறுக்கினாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்தாள்.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லமா."

"சொல்லாத. எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான். ஊரு வாயில உன்னப் போட மாட்டேன்."

"ரஹீம் அண்ணன்..."

"அவன் தாங்கிக்குவான். இத்தன நாளு தாங்கலியா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அன்றிரவு எனக்குச் சோறு போட்டபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை.

மறுநாள் சூலியா தெருவுக்குப் போனேன். பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்க வேண்டும் அல்லவா? ஒரு வருடமாக நான் அதைச் செய்வதில்லை. வேறு யாராவது நிறுத்தினால் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தில் யாரும் இல்லை. இரண்டு பஸ் போயின. நடந்தே போனேன். கடையில் ரஹீம் அண்ணன் ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பெரியவர்கள் வந்தால் எழுவதுபோல.

"அம்மாவுக்கு ஏதாச்சுமா, தங்கச்சி?"

தலையை ஆட்டினேன். சொன்னேன். வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் வேகமாகவே சொல்லிவிட்டேன். ஒரு கை என்றால் எண்ணெய் கொடு. நான் ஒரு கையைத் தூக்கினேன். உங்கள் மேல் தப்பே இல்லை. அம்மா பேசியதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது.

அவர் முகம் லேசாகும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஆகவில்லை. மெல்ல உட்கார்ந்தார்.

"நீ ஏன் கையத் தூக்குன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அண்ணா. நான் அந்தப் பதிலை யோசித்தே வைத்திருக்கவில்லை.

"நான் கூப்பிட்டேன். அதான தூக்குன?" என்றார்.

"இல்லண்ணே."

"இங்க பாருன்னு நாந்தான கூப்பிட்டேன்."

"இல்லண்ணே. இல்ல."

"இத்தன நாளு சும்மா திட்டு வாங்குறேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் தங்கச்சி. அம்மாவுக்கு ஆறுதலா இருந்தா இருக்கட்டும்னு."

ஒரு வருடமாகத் தன்மேல் தப்பில்லை என்று தெரிந்து, அம்மாவுக்காகத் தலைகுனிந்து நின்ற மனிதரிடம் போய், உண்மையான தப்பைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவரை இறக்கிவிடத்தான் போனேன். இன்னும் இரண்டு மூட்டையை ஏற்றிவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் ஒருவருக்காவது நல்லது நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

இன்று சாயங்காலம் அம்மா தான் வேலை செய்யும் ஃபேக்டரியின் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சீருடைகூட மாற்றவில்லை, ரஹீம் அண்ணன் வந்துவிட்டார். கையில் பழப் பை இல்லை. கதவுக்கு இரண்டு படி கீழேயே நின்றார்.

"அம்மா, நாந்தான் அவளக் கூப்பிட்டேன். அதனாலதான் அவ கையத் தூக்குனா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டாயே என்பதுபோலத்தான்.

"இதுல அவன் குரல் இருக்கு. உங்ககிட்டக் கொடுக்க இத்தன நாளாத் தைரியம் வரல" என்று, அன்று எடுத்த வீடியோவோடு போனை நீட்டினார்.

அம்மா வாங்கினாள். நான் பின்னாலிருந்து பார்த்தேன். அதில் நீ இல்லை. வண்டியும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன். இடது கையில் நோட்டு, வலது கை முகத்தின்மேல். விரல்களுக்கு நடுவே மூடிய ஒரு கண். பின்னால் இயந்திரத்தின் சத்தம். அதையும் மீறி நீ கத்துகிறாய், சிரித்துக்கொண்டே.

"ஏறுதா ஊசி? இன்னும் ஏறுதா? சபாஷ்டி!"

சத்தம் உயர்கிறது. உடனே படம் புரண்டு வானம் தெரிகிறது. போன் மண்ணில் விழுந்து கிடக்க, ஓடும் கால்களின் சத்தம். ரஹீம் அண்ணனின் கால்கள். அவர் படம் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. போனை வீசிவிட்டு உன்னிடம் ஓடியிருக்கிறார். நான்தான் நின்றிருக்கிறேன்.

"ஓடினியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"ஓடினேம்மா. எட்டல."

அம்மா கதவை விட்டு விலகி வழி விட்டாள். அவர் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அம்மா அவருக்குப் பக்கத்தில், சீருடையோடு, தரையில் உட்கார்ந்து அதை மறுபடி ஓட விட்டாள். மறுபடியும். உன் குரல் வரும் இடம் மட்டும். 'சபாஷ்டி' முடிந்ததும் விரலால் நிறுத்திவிடுவாள்.

"சந்தோஷமாத்தாண்டா இருந்திருக்கான்" என்றாள் ரஹீம் அண்ணனிடம். பிறகு என்னைப் பார்த்தாள். "இல்லடி?"

ஆமாம் என்றேன். சத்தமாகவே வந்தது.

இதை எழுதும்போது அவர்கள் இன்னும் வாசலில்தான் இருக்கிறார்கள். அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும். இனி இந்த வீட்டில் திட்டுவதற்கு வெளியாள் யாரும் இல்லை. அம்மா என்னைத் திட்டப்போவதும் இல்லை.

முள் இறங்கிக்கொண்டிருந்தது, அண்ணா. சக்கரம் குழியில் புதைந்து வண்டி முன்னே நகராமல் போனதால் இழுவையே இல்லை. நீ என் கையைப் பார்த்து, முள் ஏறுகிறது என்று நினைத்துச் சிரித்தாய். எழுதியிருப்பதையெல்லாம் சோதித்துப் பார்க்கிற நீ, என் கையை மட்டும் சோதிக்காமல் நம்பினாய். அந்த நம்பிக்கையை உன்னிடம் திருப்பித் தர முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. என்னிடம்தான் இருக்கிறது.